எத்தனை மணிக்குப் படுத்தான் என்று முதலில் சொல்லுங்கள்

மனசோடு பேசுவோம்: வாசகர் கேள்விகளுக்கு மும்பை, செம்பூரிலிருந்து மனநல மருத்துவர் ஒருவரின் பதில்கள்

என்னிடம் வருகிறவர் ஐந்து வயதுப் பிள்ளையானாலும் எழுபது வயதுப் பெரியவரானாலும் நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான் என்று போன இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். இந்த மாதக் கடிதங்கள் முழுக்க அந்த ஒரு வரிக்குத்தான். தாராவியிலிருந்து கல்யாண் வரைக்கும் யாருக்கும் தூக்கம் சரியில்லை போலிருக்கிறது. கடிதங்களைச் சுருக்கி, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித் தந்திருக்கிறேன்.

டாக்டரம்மா, வணக்கம். நாங்கள் இட்லி வியாபாரம் செய்கிறோம். சாயங்காலம் மாவு அரைத்து வைத்துவிட்டு ராத்திரி இரண்டரைக்கு எழுந்து அடுப்பு பற்றவைப்போம். விடிவதற்கு முன்னால் அவர் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எட்டு வயதுப் பையன், மூன்றாவது படிக்கிறான். வகுப்பில் உட்காருவதில்லை, பக்கத்துப் பிள்ளைகளை அடிக்கிறான், எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடுகிறான் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். 'ஏடிஎச்டியாக (கவனம் நிற்காமல், ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிக்கும் கோளாறு) இருக்கும், மனநல டாக்டரிடம் காட்டுங்கள்' என்கிறார். மாத்திரை கொடுத்து மந்தமாக்கிவிடுவார்களோ என்று பயம். இன்னொன்று: மதியம் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் படுப்போம். பகலில் தூங்கினால் வீட்டுக்கு ஆகாது என்கிறார் என் மாமியார். — ஒரு தாய், தாராவி

முதலில் டீச்சர் பக்கம் பேசிவிடுகிறேன். அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் உங்கள் பையனைக் கவனித்து, கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அவர் மேல் வருத்தப்படாதீர்கள். ஆனால் அவர் சொன்ன பெயரைப் பையன் மேல் ஒட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

பெரியவர்களுக்குத் தூக்கம் குறைந்தால் கண் சொருகும், கொட்டாவி வரும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அப்படி இல்லை. தூக்கம் போதாத பிள்ளை துள்ளும், ஓடும், சின்ன விஷயத்துக்கு அழும், கை நீட்டும். பார்க்கிறவர்களுக்கு 'இவனுக்கா தூக்கம் போதவில்லை?' என்றுதான் தோன்றும். சேட்டை, அடங்காதவன், ஏடிஎச்டி என்று ஆளுக்கு ஒரு பெயர் வைப்பார்கள்.

ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வரையறுத்தது. பையன் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. நானே ஊகிக்கிறேன்: மாவு வேலை முடிந்து, கிரைண்டர் கழுவி, எல்லோரும் படுக்கும்போது அவனும் படுக்கிறான். பத்து மணி இருக்குமா? காலையில் ஏழு மணிக்கு எழுந்தால் ஒன்பது மணி நேரம், கணக்குச் சரி. ஆனால் இரண்டரைக்கு லைட் போடுகிறீர்கள், பாத்திரம் உருள்கிறது, ஆவி அடிக்கிறது. அவன் கண்ணை மூடியே கிடக்கலாம். மூளை அடிக்கடி மேலே வந்து வந்து போகும். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பங்கில் வருவது. கனவுத் தூக்கம் பின்பாதியில்தான் அதிகம். படித்ததை மனதில் இருத்துவதற்கும் பட்ட கோபதாபங்களை ஆற்றுவதற்கும் இரண்டும் வேண்டும். உங்கள் வீட்டில் அடி வாங்குவது அந்தப் பின்பாதி.

தொழிலை விட முடியாது. அதை விடச் சொல்லவும் மாட்டேன், பாதி மும்பை உங்களை நம்பித்தான் காலைப் பசியாறுகிறது. அதனால் அவன் படுக்கும் நேரத்தை முன்னால் கொண்டுவாருங்கள். எட்டரைக்குப் படுக்க வேண்டும். மாடி அறை இருந்தால் பாட்டியோடு அங்கே. தகரக் கூரைச் சூடு தாங்காது என்றால் கீழேயே, அடுப்புக்கு எதிர் மூலையில் ஒரு கனத்த திரை, அடுப்புக்கு மேலே மட்டும் எரிகிற ஒரு மஞ்சள் பல்பு. கிரைண்டரை ஏழரைக்குள் முடிக்கப் பாருங்கள்.

அடுத்து, இன்று ராத்திரி அவன் தூங்கும்போது பக்கத்தில் சற்று நேரம் உட்காருங்கள். வாயைத் திறந்து தூங்குகிறானா? குறட்டை உண்டா? கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுக்கிறானா? மூச்சு நின்று, பிறகு ஒரு திணறலோடு திரும்புகிறதா? வியர்த்து நனைகிறானா? இதில் இரண்டு மூன்று இருந்தால் என்னைப் போன்றவர்களிடம் வருவதற்கு முன்னால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். சயான் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் டான்சிலும் வீங்கி மூச்சை அடைத்தால், பிள்ளை ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடிவிட்டுப் பகலில் வகுப்பில் முரடனாகிறது. அமெரிக்காவில் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. அந்தச் சதையை எடுத்த பிள்ளைகளின் நடத்தை நன்றாக மாறியது என்று வீட்டாரும் ஆசிரியர்களும் சொன்னார்கள். ஆனால் கவனத்தை அளக்கிற சோதனைகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, ஆபரேஷன் செய்தால் மார்க் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தூக்கத்தில் காலை உதைத்துக்கொண்டே இருக்கிறான் என்றால் ரத்தத்தில் இரும்புச் சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு குறைந்த பிள்ளைகளுக்குக் கால் ஓயாது. சாப்பாட்டோடு டீ கொடுக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். டீ இரும்பை உடம்பில் ஏறவிடாது.

இதையெல்லாம் சரிசெய்து ஒரு மாதம் ஆன பிறகும் வகுப்பில் அதே நிலை என்றால் மனநல மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள். ஏடிஎச்டி கற்பனை நோய் இல்லை. அது இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தூக்கமும் கெட்டிருக்கும். இரண்டும் சேர்ந்தே வரலாம். மாத்திரையும் மந்தமாக்க அல்ல. ஒன்று மட்டும்: அதைச் சாயங்காலம் கொடுத்தால் ராத்திரித் தூக்கம் போய்விடும். எந்த நேரத்தில் கொடுப்பது என்று கேட்டு வாங்குங்கள்.

மதியத் தூக்கத்துக்கு வருகிறேன். உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள். சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 450 பேரை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் ஓர் ஆராய்ச்சி செய்து 2021-ல் வெளியிட்டார்கள். எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். வெக்கை, கொசு, சத்தம். காதடைப்பான், கண் மறைப்பு, மெத்தை, ஃபேன் எல்லாம் கொடுத்து ராத்திரித் தூக்கத்தை அரை மணிக்குக் கொஞ்சம் குறைவாகக் கூட்டினார்கள். வேலையிலோ மனநிலையிலோ சொல்லிக்கொள்கிற மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் வேலை செய்யும் இடத்திலேயே மதியம் அரை மணி நேரம் அமைதியாகத் தூங்கவிட்டபோது வேலைத்திறனும் கவனமும் மனநிலையும் தேறின. இரண்டரைக்கு எழுகிறவர்கள் மதியம் படுக்கத்தான் வேண்டும். வீட்டுக்கு ஆகும், தாராளமாக ஆகும்.

பத்தாவது படிக்கிறேன். காலை ஏழு மணிக்குப் பள்ளி. ராத்திரி பன்னிரண்டு மணி வரை எனக்குத் தூக்கமே வராது. அப்பா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார், அப்போதும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொன்று வரை தூங்குவேன். ஆச்சி 'மூதேவி, பொம்பளைப் பிள்ளை இப்படித் தூங்கலாமா' என்று திட்டுகிறார். கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது. நான் சோம்பேறியா? — ஒரு மாணவி, முலுண்ட்

இல்லை, கண்ணு. சோம்பேறி என்றால் நீ இதை எழுதியே இருக்க மாட்டாய்.

பருவம் வந்தபின் உடம்பின் கடிகாரம் பின்னால் நகரும். இருட்டியதும் தூக்கத்துக்குத் தயார் சொல்கிற மெலடோனின் என்கிற சுரப்பு, சின்ன வயதில் வந்ததைவிட ஒன்று, இரண்டு மணி நேரம் தாமதமாக வரும். உலகம் முழுக்க உன் வயதில் எல்லோருக்கும் இப்படித்தான். போனைப் பிடுங்கினால் மெலடோனின் சீக்கிரம் வந்துவிடாது. ஆனால் உன் அப்பா செய்ததிலும் பாதி நியாயம் இருக்கிறது: பன்னிரண்டுக்கு வரவேண்டிய தூக்கத்தைப் போன் இரண்டு மணிக்குத் தள்ளிவிடும்.

உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். பன்னிரண்டுக்குத் தூங்கி ஐந்தரைக்கு எழுந்தால் தினமும் இரண்டரை மணி நேரமாவது கடன். கடன்பட்டவர்களுக்கு அழுகை சீக்கிரம் வரும்.

இங்கே ஒரு சொந்த ஆதங்கம். பிள்ளைகளுக்குத் தூக்கம் போதவில்லை என்று 2023 டிசம்பரில் அன்றைய மகாராஷ்டிர ஆளுநர் ரமேஷ் பைஸ் பேசினார். 2024 பிப்ரவரியில் மாநில அரசு ஆணை போட்டது. நான்காம் வகுப்பு வரைக்கும் பள்ளிகள் காலை ஒன்பதுக்கு முன்னால் தொடங்கக் கூடாது. நல்ல காரியம்தான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை தானாகவே ஆறரைக்கு எழுந்து கட்டிலில் குதிக்கும். எழுந்திருக்க முடியாமல் தவிக்கிறது எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2014-லேயே, பெரிய வகுப்புகளை எட்டரைக்கு முன் தொடங்காதீர்கள் என்றது. நாம் தலைகீழாகச் செய்துவிட்டு, ஏழு மணிக்கு உன்னை அல்ஜீப்ரா போடச் சொல்கிறோம்.

பள்ளியை நீயும் நானும் இந்த வருடம் மாற்ற முடியாது. நீ செய்யக் கூடியதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பதினொன்று வேண்டாம், எட்டுக்கு எழு. மதியம் வேண்டுமானால் அரை மணி படுத்துக்கொள். பதினொன்று வரை தூங்கினால் ஞாயிறு ராத்திரி ஒன்றரை மணி வரை தூக்கம் வராது, திங்கட்கிழமை செத்தாய். எழுந்தவுடன் பால்கனியிலோ வாசலிலோ வெளிச்சத்தில் சற்று நேரம் நில். கடிகாரத்தை முன்னால் இழுப்பது காலை வெளிச்சம்தான். டியூஷன் முடிந்து குடிக்கிற டீயை விடு. காபி, டீயில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும்கூட, அன்றே அம்மாவிடம் சொல். சொல்ல முடியவில்லை என்றால் 14416-க்குப் போன் செய். டெலி-மானஸ் என்கிற அரசு உதவி எண், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.

ஆச்சிக்கு ஒரு வார்த்தை: நீங்கள் எட்டரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுவது உங்கள் வயதின் கடிகாரம். அது முன்னால் ஓடும், பேத்தியுடையது பின்னால் ஓடும். நாலு மணிக்கு நீங்கள் ரேடியோ போடாமலிருந்தால் அவளுக்குப் புண்ணியமாகப் போகும்.

என் தம்பிக்கு 24 வயது. ஐரோலியில் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். நான்கு பையன்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். ஒரு வாரமாக இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறானாம், ஆனால் சோர்வே இல்லை. மூச்சு விடாமல் பேசுகிறான். இட்லி மாவுக் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறேன் என்று ஆப்பில் கடன் வாங்கிவிட்டான். கூட இருக்கும் பையன்கள் 'செம எனர்ஜி' என்று சிரிக்கிறார்கள். போன வருடம் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டான், இப்போதும் சாப்பிடுகிறான் என்று நினைக்கிறேன். — அக்கா, கன்சோலி

இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே உங்களுக்குத் தனியாகப் பதில் போய்விட்டது. மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

தூக்கம் வராமல் தவிக்கிறவர் வேறு. அவருக்குத் தூங்க ஆசை, முடியவில்லை, மறுநாள் துவண்டு கிடப்பார். தூக்கமே தேவைப்படாதவர் வேறு. இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, பேச்சு வேகமாகி, பணம் தண்ணீராய் ஓடி, திட்டம் மேல் திட்டம் போடுகிறார் என்றால் அது எனர்ஜி இல்லை. பித்து நிலை என்று நாங்கள் சொல்லும் மேனியாவின் தொடக்கமாக இருக்கலாம். இருதுருவ மனநோய் (பித்தும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்களுக்கு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் மாறுவது பெரும்பாலும் தூக்கம்தான். அதோடு, தூக்கத்தை இழப்பதே அந்த நிலையைக் கிளப்பிவிடவும் செய்யும். நைட் ஷிஃப்ட் அதனால்தான் இவர்களுக்கு ஆகாது. மனச்சோர்வு மாத்திரை மட்டும் தனியாகச் சாப்பிட்டாலும் சிலருக்கு இப்படி மேலே தூக்கிவிடும்.

நாளைக்கு அல்ல, இன்றைக்கே அவரை மனநல மருத்துவரிடமோ பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள். வாக்குவாதம் வேண்டாம், 'தூக்கம் இல்லையே, அதற்கு மட்டும் காட்டலாம்' என்று சொன்னால் பலர் வந்துவிடுகிறார்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்து வீட்டிலேயே சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஏடிஎம் கார்டும் போனிலிருக்கும் பணம் அனுப்பும் ஆப்பும் கொஞ்ச நாள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். தேறிய பிறகு பகல் ஷிஃப்டுக்குச் சான்றிதழ் தரச் சொல்லுங்கள். அந்தச் சான்றிதழுக்காக என் டாக்டர் சிநேகிதர்கள் யாரும் பணம் கேட்க மாட்டார்கள், கேட்டால் எனக்கு எழுதுங்கள்.

குழந்தை பிறந்து இருபது நாள். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். ராத்திரி பிள்ளை அழுதால் பெற்றவள்தான் எழ வேண்டும் என்கிறார். மனைவி, குழந்தை தூங்கும்போதுகூடத் தூங்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். — ஒரு கணவர், காட்கோபர்

உங்கள் கடைசி வரிதான் முக்கியம். குழந்தை எழுப்புவதால் தூக்கம் கெடுவது எல்லாத் தாய்மாருக்கும் உண்டு. பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆனால் குழந்தை தூங்கும்போதும் தாயால் தூங்க முடியவில்லை என்றால் மனம் சிக்கலில் இருக்கிறது என்று பொருள். பிரசவம் பார்த்த டாக்டரிடமோ மனநல மருத்துவரிடமோ இந்த வாரமே காட்டுங்கள். சம்பந்தமில்லாமல் பேசினாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னாலோ, யாரோ தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்றாலோ அதே மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. அவரையும் குழந்தையையும் தனியாக விடாதீர்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு வருகிற, சிகிச்சையில் நன்றாகக் குணமாகிற நிலை அது.

இன்று ராத்திரியிலிருந்து ஒன்பது முதல் இரண்டு வரை உங்கள் முறை. ஒன்பதுக்குப் பால் கொடுத்துவிட்டு அவர் வேறு அறையில், இல்லாவிட்டால் திரைக்கு அந்தப் பக்கம், படுக்கட்டும். பீய்ச்சி வைத்த பாலை நீங்கள் கொடுங்கள். ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது எதற்கும் தாய்ப்பால் தேவையில்லை. தொடர்ந்தாற்போல் நாலைந்து மணி நேரத் தூக்கம் அவருக்கு மருந்து. 'பெற்றவள்தான்' என்று அம்மா சொன்னால், பெற்றதில் உங்களுக்கும் பங்குண்டு என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

வயது 41. கல்யாணிலிருந்து சிஎஸ்டிக்கு லோக்கல் ரயிலில் போய்வருகிறேன். ஐந்து மணிக்கு எழ வேண்டுமே என்று ஒன்பதரைக்கே படுத்துவிடுவேன், தூக்கம் வர ராத்திரி ஒரு மணி ஆகிவிடும். நாலு வருடமாகத் தூக்கத்துக்கு அல்பிரஸோலம் மாத்திரை போடுகிறேன், இப்போது அதுவும் வேலை செய்யவில்லை. மனக்கவலை தீர்ந்தால் தூக்கம் தானாக வரும் என்கிறார் நண்பர். எது முதலில்? — கல்யாண் வாசகர்

உங்கள் நண்பர் சொல்வதைத்தான் நாங்களும் ரொம்ப காலம் நம்பினோம். தூக்கமின்மை மனநோயின் நிழல், நோய் போனால் நிழலும் போகும் என்று. அது அரை உண்மை. தூக்கமின்மையோடு இருப்பவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் காட்டினார்கள். 2017-ல் இங்கிலாந்துப் பல்கலைக்கழக மாணவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தூக்கத்தை மட்டும் குறிவைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள், அதுவும் கம்ப்யூட்டர் வழியாக. தூக்கம் தேறியது, கூடவே சந்தேக எண்ணங்களும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. கவலை தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தூக்கத்தையே நேரடியாகப் பிடிக்கலாம்.

உங்கள் தவறு ஒன்பதரைக்குப் படுப்பது. ஏழரை மணி நேரம் படுக்கையில் கிடந்து நாலு மணி நேரம் தூங்குகிறீர்கள். மீதி மூன்றரை மணி நேரம் படுக்கையில் விழித்திருக்கப் பயிற்சி எடுக்கிறீர்கள். பதினொன்றரைக்கு முன் படுக்காதீர்கள். படுத்துத் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருங்கள், கண் அசந்தால் மட்டும் திரும்பிப் போங்கள். ஐந்துக்கு எழுவது ஞாயிறு உட்பட மாறவே கூடாது. முதல் இரண்டு வாரம் என்னைத் திட்டுவீர்கள். பிறகு தூக்கம் இறுகி வரும். அப்போது கால் மணி, கால் மணியாக முன்னால் நகர்த்தலாம். வண்டி ஓட்டுகிறவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், மேலே அந்தத் தம்பிக்குச் சொன்ன நோய் இருப்பவர்கள் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது.

அப்புறம், சிஎஸ்டியில் சீட் பிடித்ததும் கல்யாண் வரை தூங்கி வழிகிறீர்களா? எழுதவில்லையே தவிர, செய்வீர்கள் என்று தெரியும். விழித்திருக்க விழித்திருக்கத்தான் தூக்கத்துக்கான அழுத்தம் மூளையில் ஏறும். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மணி நேரம் தூங்கினால் சேர்த்ததெல்லாம் தானே ஸ்டேஷன் வருவதற்குள் காலி. இட்லிக்கார அம்மாவைத் தூங்கச் சொன்ன டாக்டர் என்னை ஏன் தடுக்கிறாள் என்று கேட்பீர்கள். அவருக்குத் தூங்க நேரமில்லை, உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை. இரண்டும் ஒரே வியாதி இல்லை.

மாத்திரையை நாளைக்கே தூக்கி எறியாதீர்கள். நாலு வருடம் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் பதற்றம், நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அது ஷெட்யூல் எச்1 என்கிற அரசுப் பட்டியலில் இருக்கும் மருந்து, டாக்டர் சீட்டில்லாமல் விற்கவே கூடாது. நாலு வருடமாக யார் எழுதித் தந்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

என் கணவருக்கு 70. ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர், அதிர்ந்து பேசமாட்டார். ஒரு வருடமாக விடியற்காலையில் தூக்கத்தில் கத்துகிறார், கையை வீசுகிறார், உதைக்கிறார். போன வாரம் என் கண்ணுக்குக் கீழே பலமாக அடிபட்டுவிட்டது. எழுப்பினால் யாரோ துரத்தினார்கள் என்கிறார். ஒரு நாளும் என்மேல் கை ஓங்கியதில்லை. அடக்கி வைத்த கோபம் வெளியே வருகிறது என்கிறாள் மருமகள். என்மேல் அவருக்குக் கோபமா? — ஒரு மாமி, மாட்டுங்கா

இல்லை, மாமி. கோபம் இல்லவே இல்லை. மருமகளிடமும் சொல்லிவிடுங்கள்.

கனவு வருகிற தூக்கத்தில் கண் மட்டும் உருளும், கை கால் கட்டிப்போட்டது போல் செயலற்றிருக்கும். கண் உருளும் அந்தத் தூக்கத்தை சிகாகோவில் 1953-ல் கண்டுபிடித்தார்கள். சிலருக்கு, பெரும்பாலும் ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு, அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். கனவில் துரத்துகிறவனை நிஜமாகவே உதைப்பார்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் வாங்கிக்கொள்வார். அமெரிக்காவில் மின்னசோட்டா மருத்துவர்கள் ஷெங்க், மஹோவால்ட் இருவரும் 1986-ல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். கனவுத் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம் என்பதால் அந்த நேரத்தில் நடக்கிறது. பகலில் சாதுவாக இருப்பவர்களுக்கு இது வருவதை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன், பயந்துபோய் வருவது எப்போதும் மனைவிதான்.

நரம்பியல் நிபுணரிடம் காட்ட வேண்டும். ஏன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இது இருப்பவர்களில் பலருக்கு, பல வருடங்கள் கழித்து, கை நடுங்கி, நடை தளரும் பார்க்கின்சன் நோயோ அதைச் சேர்ந்த மறதி நோயோ வருவது உண்டு. எல்லோருக்கும் இல்லை, நாளைக்கே இல்லை. ஆனால் நிபுணரின் பார்வையில் இருப்பது நல்லது. வாசனை தெரிவது குறைந்திருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா, கையெழுத்து சின்னதாகிவிட்டதா, நடை மெதுவாகிவிட்டதா என்று கவனித்து எழுதி வையுங்கள். மனச்சோர்வு மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சில மாத்திரைகளே இதைக் கிளப்பும். தூக்கத்தில் மூச்சு அடைப்பதும் பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கும், அதையும் சோதிப்பார்கள். உதைப்பதை அடக்க மருந்து உண்டு.

அதுவரைக்கும் நீங்கள் தனிக் கட்டிலில் படுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதீர்கள், கண் முக்கியம். அவருடைய மெத்தையைத் தரையில் போட்டு, தலைமாட்டில் இருக்கும் கூஜா, டேபிள் லாம்ப், கண்ணாடி பிரேம் போட்ட சாமி படம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு ராத்திரி பேரனை விட்டுப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டரிடம் அவரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். கனவு அவருக்கு நினைவிருக்கும், உதைத்தது இருக்காது.